மெஷினுக்குப் போட்ட சாம்பிராணி

மாமாவுக்கு அந்த வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று அக்கம்பக்கத்தில் சொல்லி விளங்கவைக்க எங்கள் வீட்டில் ஒருவராலும் முடியவில்லை. அதற்கு முன்பு அவர் தோப்பும்படியில் ஐஸ் கம்பெனியில் இருந்தார். அது எல்லாருக்கும் புரிகிற வேலை. தண்ணீரை ஐஸாக்க வேண்டும், ஐஸை உடைத்து மீன்பிடிப் படகுகளுக்கு ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். இப்போது எர்ணாகுளத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மெஷின் ஓட்டப் போகிறார் என்றார்கள். என்ன மெஷின் என்று கேட்டால், கடை முழுவதையும் குளிர வைக்கிற மெஷின் என்றார்கள். அப்பா நம்பவே இல்லை. "கட்டடத்தையா? முழுசையுமா?" என்று கேட்டுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே கார்ப்பரேஷன் ஓடையைத் தூர்வாரக் கிளம்பிப் போனார்.

நாங்கள் மட்டாஞ்சேரித் தமிழர்கள். பாட்டன் காலத்தில் கார்ப்பரேஷன் வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். வீட்டில் பேசுவது தமிழ் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் அதை மலையாளம் என்பார்கள். எங்கள் வரிசை வீடுகளில் மின்விசிறி இருந்தது, அதன் இறக்கையில் ஒட்டடை இருந்தது, மற்றபடி குளிர் என்பது ஐஸ் குச்சியோடு முடிந்துவிடும். அதனால் மாமாவின் மெஷினுக்குள் ஐஸ் கம்பெனியிலிருந்து திருடி வந்த பெரிய ஐஸ் பாளம் ஒன்று இருக்கிறது என்று நானாக முடிவு செய்து, பள்ளிக்கூடத்தில் சத்தியமும் செய்து வைத்திருந்தேன்.

மாமாவிடம் அதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அம்மாவுக்கு ஒரே தம்பி அவர். எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்கிற மிதப்பு அவர் நடையிலேயே ஏறியிருந்தது. என்னை உட்கார வைத்து வகுப்பே எடுத்தார்.

"மோளே, குளிர்னு ஒரு சாதனமே கிடையாது கேட்டோ. சூடுதான் உண்டு. கடைக்குள்ள ஆளுங்க மேல இருந்தும் லைட்டுல இருந்தும் சூடு வரும். அதைக் காத்து பிடிச்சுக்கிட்டு நம்ம ரூமுக்கு வரும். அங்க குழாய்ல பச்சைத்தண்ணி ஓடுது பாரு, அது காத்துகிட்ட இருந்து சூட்டை வாங்கிக்கும். தண்ணிகிட்ட இருந்து மெஷின் வாங்கிக்கும். வாங்கி, மேல கொண்டு போய்க் களஞ்சிடும், வெளிய கொட்டிடும்."

"மேலன்னா எங்க மாமா?"

"மொட்டை மாடியில. அங்க ஒரு டவர் இருக்கு. மழை மாதிரி தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும். அது வழியா சூடெல்லாம் வெளிய போயிடும்."

எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஐஸ் பாளம் இருந்திருந்தால் ஒரு நாள் போய் நக்கிப் பார்த்திருக்கலாம். கடைக்குள் குப்பையைக் கூட்டிப் பின்பக்கம் கொட்டுகிற மாதிரிதான் இதுவும், இதற்கா இத்தனை மிதப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சித்திரையில் மாமா அம்மாவுக்கும் அதே கடையில் வேலை வாங்கிக் கொடுத்தார். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, சுரிதாருக்குக் கை வைப்பது, சின்னதாகிப் போன பிளவுசைப் பிரித்துத் தைப்பது. மேல்மாடியில் பின்பக்கம் அம்மாவுக்கென்று தனி அறை, தனித் தையல் மெஷின். "என் அக்கா இனி ஏசியில உக்காந்து தைப்பா," என்று மாமா தெருமுனைச் சாயாக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அம்மா முதல் நாள் வேலைக்குப் போனபோது, குளிருமே என்று ஒரு பழைய சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயந்தரம் படகுத்துறையிலிருந்து அவள் நடந்து வந்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. முகம் அவித்த கிழங்கு மாதிரி இருந்தது. சால்வை பையிலேயே இருந்தது.

மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். கழுத்தைச் சுற்றி வேர்க்குரு கிளம்பியது. "ஏசியில வேலை பாக்கிறவளுக்கு வேர்க்குரு!" என்று அப்பா கேலி செய்தார். மாமாவோ கேலி செய்யவில்லை. அம்மாவின் நாடியைப் பிடிக்காத குறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, உனக்குச் சூட்டு உடம்பு. இத்தனை நாள் தெரியல, இப்பதான் வெளிய வருது," என்றார். அன்றிலிருந்து அம்மா ராத்திரி வெந்தயம் ஊறப்போட்டுக் காலையில் விழுங்கினாள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் போட்டாள். முட்டையை விட்டாள், மாம்பழத்தை விட்டாள், கடைசியில் மீனையும் விட்டாள். கொச்சியில் இருந்துகொண்டு ஒருத்தி மீனை விடுகிறாள் என்றால் அவள் எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுகூடவா தெரியாமல் போகும், வியர்த்தால் ஏசி வரவில்லை என்று அர்த்தம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாதுதான். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்பு ஒருவரும் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்ததில்லை. அம்மாவின் அறையில் கூரையில் கம்பிச் சன்னல் மாதிரி ஒரு கிரில் இருந்தது, கடையில் மற்ற இடங்களில் இருப்பது போலவே. கீழே கவுண்டரில் போய்த் துணிகளை வாங்கி வரும்போது குளிர்ந்தது என்றும், மேலே ஏறி வந்து உட்கார்ந்ததும் வேர்க்கிறது என்றும் அம்மா மாமாவிடம் சொல்லத்தான் செய்தாள். அது படியேறி வந்த சூடு, இஸ்திரிப் பெட்டிச் சூடு, எல்லாவற்றுக்கும் மேல் உடம்புச் சூடு என்று அவர் அடுக்கினார். சொல்கிறவன் கூடப் பிறந்தவன். அதுவும் மெஷினையே ஓட்டுகிறவன். அவனை நம்பாமல் யாரை நம்புவாள்?

ஒரு நாள் குழாயடியில் பக்கத்து வீட்டு அத்தை இன்னொரு பெண்ணிடம் அம்மாவைப் பற்றி மெதுவாகச் சொன்னாள்: குளிரில் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்திக்கு வியர்த்துக் கொட்டினால் அது நெஞ்சுக் கோளாறு, தன் நாத்தனார் அப்படித்தான் போய்ச் சேர்ந்தாள். குடத்தோடு பின்னால் நின்ற என்னை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா தூங்கும்போது அவள் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. மலையாளி வீடுகளில் புத்தகத்தைப் பூஜைக்கு வைத்துவிட்டுப் படிக்காமல் இருப்பார்கள். நாங்கள் அதையும் விடாமல் செய்வோம், கூடவே எங்கள் வழக்கப்படி சைக்கிள், அரிவாள்மணை, மண்வெட்டி என்று வீட்டில் இருக்கிற அத்தனைக்கும் பொட்டு வைத்துச் சாம்பிராணி போடுவோம். மாமா ஐஸ் கம்பெனியில் இருந்த காலத்திலேயே மெஷினுக்குப் பூஜை போடாமல் விட்டதில்லை. இந்தப் புது மெஷினுக்கு அது முதல் பூஜை. தூபக்கால், கரி, அரைத்து வைத்த சாம்பிராணி, செவ்வந்தி மாலை, பொரி, கடலை, பூசணிக்காய் என்று ஒரு சாக்குப்பை நிறையச் சாமான் எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் அவரோடும் அம்மாவோடும் நானும் படகில் ஏறினேன். மடியில் பூசணிக்காய் இருந்தது.

கடைக்குள் காலை வைத்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வெளியே எர்ணாகுளம் வெயிலில் கொதித்துக்கொண்டிருக்க, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் வேறு தேசம். குளிர் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. மின்விசிறி இல்லை, பெட்டி இல்லை, சத்தம் இல்லை. என் கையில் முடியெல்லாம் எழுந்து நின்றது. நான் பயந்துபோய் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பெருமையோடு கூரையைக் காட்டினார். ஒவ்வொரு கிரில்லிலும் ஒரு சின்ன ரிப்பன் கட்டியிருந்தது, அத்தனையும் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தன. "காத்து கண்ணுக்குத் தெரியாதுல்ல, அதுக்குத்தான். ரிப்பன் ஆடினா காத்து வருதுன்னு அர்த்தம்," என்றார். காக்கநாட்டில் நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்திலும் உள்ளே நுழைந்ததும் என் கண் முதலில் கூரைக்குத்தான் போகிறது. அந்தப் பழக்கம் அன்று வந்தது.

பிறகு அம்மா என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போனாள். படியேறிக் கடைசிக் கதவைத் திறந்ததும் அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி முகத்தில் அடித்தது. சன்னல் சாத்தியிருந்தது. அதற்கு வெளியே மொட்டை மாடியில் மாமா சொன்ன டவர் நின்றது. தண்ணீர் ஓயாமல் கொட்டுகிற இரைச்சல். சன்னலைத் திறந்தால் அதிலிருந்து கிளம்பும் ஆவிக்காற்று துணியெல்லாம் பிசுபிசுக்கச் செய்துவிடும் என்று அம்மா சொன்னாள். கொஞ்ச நேரத்தில் என் நெற்றியில் வியர்த்தது. கழுத்தில் வியர்த்தது. நான் ஏசியில் நிற்கிறேன், எனக்கு வியர்க்கிறது! அம்மாவின் நெஞ்சுக் கோளாறு எனக்கும் வந்துவிட்டது என்று அந்த நிமிடமே எனக்கு உறுதியாகிவிட்டது. அம்மாவிடம் வியர்வையைக் காட்டினேன். அவள் முந்தானையால் என் நெற்றியைத் துடைத்து, "உனக்கும் என் உடம்பு வாகுதான்," என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அம்மாவின் கிரில்லில் மட்டும் ரிப்பன் இல்லை. யாரோ மறந்துவிட்டார்கள் என்று எண்ணி, என் சடையிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து, முக்காலி மேல் ஏறிக் கட்டினேன். அது ஆடவில்லை. வாயால் ஊதிப் பார்த்தேன், கொஞ்சம் ஆடி நின்றுவிட்டது. என் ரிப்பன் கனமான ரிப்பன் என்று முடிவு செய்தேன். அதற்குள் மாமா பூஜைக்கு நேரமாகிறது என்று கீழிருந்து கூப்பிட்டார்.

மெஷின் அறை கீழே பின்பக்கம் இருந்தது. உண்மையில் அது இரண்டு அறை. ஒன்றில் தண்ணீரைக் குளிர வைக்கிற மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அடுத்த அறைதான் காற்று அறை. கடை முழுக்கச் சுற்றி வந்த காற்று அங்கே வந்து சேரும். ஒரு சுவர் அளவுக்கு வலை போட்ட வாய் அதை உள்ளே இழுத்து, குளிர்ந்த குழாய்கள் வழியாகத் தள்ளி, தகரக் குகை மாதிரியான டக்டில் ஏற்றி எல்லா மாடிக்கும் மறுபடி அனுப்பும். அன்று முகூர்த்தச் சேலை எடுக்கக் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்காமல் எப்படிப் பூஜை செய்வது? மாமா சாமியைக் கும்பிட்டு, காற்றை இழுக்கும் விசிறியைக் கொஞ்ச நேரத்துக்கு நிறுத்தினார். கதவைச் சாத்தினார். மெஷினின் வலை வாய்க்கு மேலே சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டோம். மாமா தூபக்காலில் சாம்பிராணியைக் கை நிறைய அள்ளிப் போட்டார். ஐஸ் கம்பெனியில் போடுகிற அளவு அது. அங்கே நாலு பக்கமும் திறந்த வெளி. இங்கே புகைக்குப் போக வழியில்லை. அது அறை முழுக்க அடைத்துக்கொண்டு, மாமாவின் முகமே எனக்குத் தெரியாமல் போயிற்று. புகைக்கு நடுவிலிருந்து அவர் பாடிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

அப்போது சுவரில் இருந்த போன் அடித்தது. மேனேஜர். அவர் கத்தியது எனக்கே கேட்டது. சேலைப் பிரிவில் மாப்பிள்ளை வீட்டார் வியர்த்துப் போய் உட்கார்ந்திருக்கிறார்களாம், மெஷினுக்கு என்ன கேடு என்று கேட்டார். "இப்ப சாரே, தா இப்ப," என்று மாமா போனை வைத்தார். அவர் கை தானாகப் போய் சுவிட்சைப் போட்டது. மேனேஜர் குரல் கேட்டால் மாமாவின் கை மூளையிடம் கேட்காது.

நான் பார்த்ததை இன்றைக்கும் யாரிடமாவது சொன்னால் நம்புவதில்லை. அறையை அடைத்துக்கொண்டு நின்ற அத்தனை புகையும் ஒரே சமயத்தில் முகத்தைத் திருப்பியது. திரும்பி, மாலைக்கும் குங்குமத்துக்கும் கீழே இருந்த அந்த வலை வாய்க்குள் போய் மறைந்தது. அறை பளிச்சென்று ஆகிவிட்டது. நான் கைதட்டினேன். மாமா கண்ணில் தண்ணீரோடு, "பாத்தியா மோளே, மெஷின் ஏத்துக்கிச்சு," என்றார்.

அவர் சொல்லி வாயை மூடவில்லை, கடைக்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தது. அப்புறம் ஒரே அலறல்.

நாங்கள் கதவைத் திறந்து ஓடினோம். எல்லாக் கூரையிலிருந்தும் வெள்ளைப் புகை இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கிரில்லிலிருந்தும். படபடத்த ரிப்பன்கள் எல்லாம் புகைக்குள் ஆடிக்கொண்டிருந்தன. "தீ! தீ!" என்று கத்திக்கொண்டு ஆட்கள் படியில் உருண்டு வந்தார்கள். ஒரு பெண் விலை கொடுக்காத பட்டுச்சேலையைச் சுற்றிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். யாரோ மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். "தீ இல்ல! சாம்பிராணி! சாம்பிராணி!" என்று மாமா நடுவில் நின்று கத்தினார். யார் காதில் விழும்? கூட்டம் எங்களையும் தள்ளிக்கொண்டு வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டது.

அங்கே நின்றுதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தாள்.

கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். சேல்ஸ் பெண்கள் வந்தார்கள், துணி மடிக்கிறவர்கள் வந்தார்கள், மேனேஜர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார். கதவிலிருந்து ஆட்கள் வருவது குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. அம்மா வரவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. நெஞ்சுக் கோளாறு இருக்கிறவள் இத்தனை புகையில் எப்படி மூச்சு விடுவாள்? படியில் மிதிபட்டிருப்பாளோ? "அம்மா, அம்மா," என்று மாமாவின் கையைப் போட்டு உலுக்கினேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவரும் அதே கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீயணைப்பு வண்டி வந்தது. தலைக்கவசம் போட்ட ஒரு சேட்டன் உள்ளே போய்விட்டு வெளியே வந்து மூக்கை உறிஞ்சி, யாரடா இங்கே அம்பலம் மாதிரி பூஜை நடத்துகிறது என்று கேட்டார். மாமா கைகூப்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சேட்டன் தலையில் அடித்துக்கொண்டார். கதவுகளையெல்லாம் திறந்து போட்டு, விசிறி ஓடட்டும், புகை வெளியேறட்டும் என்று தன் ஆட்களிடம் சொன்னார். "மேல என் அக்கா சாரே," என்று மாமா சொன்னதும் மூன்று பேருமாகப் படியேறி ஓடினோம். கடைசிக் கதவை மாமா தோளால் இடித்துத் திறந்தார்.

அம்மா உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முகத்திலிருந்து வியர்வை சொட்ட, ஒரு பச்சைச் சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, தலைக்கவசத்தைப் பார்த்து, அவள்தான் பயந்து எழுந்தாள். நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் ஓவென்று அழுதேன்.

தீயணைப்புச் சேட்டன் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கே வியர்க்க ஆரம்பித்தது.

"சேச்சி, இவிட புக வந்நில்லே?"

"இல்ல சாரே. என்ன புகை?"

அவர் அண்ணாந்து கிரில்லைப் பார்த்தார். என் சிவப்பு ரிப்பன் செத்த பல்லி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. விசிறி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, இதில் மட்டும் ஏன் காற்று வரவில்லை, அடைத்து வைத்திருக்கிறதா என்று மாமாவிடம் கேட்டார். கேலியோ குற்றமோ இல்லாமல், தொழில் தெரிந்தவர் இன்னொரு தொழில்காரரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

மாமா குனிந்து, தரையில் கிடந்த வெட்டுத்துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

அம்மா ரிப்பனைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மறுபடி ரிப்பனைப் பார்த்தாள். ரேடியோவை அணைத்தாள்.

"எடா. இது அடச்சு வச்சிருக்கா?"

"முன்னாடி இது ஸ்டோர் ரூமா இருந்துச்சுக்கா," என்றார் மாமா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அப்பவே அடச்சது. தொறந்தா சேலை செக்ஷனுக்குக் குளிர் தெகயாது, பத்தாதுன்னு மேனேஜர்... நான் கேட்டேன்க்கா. ரெண்டு தடவை கேட்டேன்."

"அப்ப சூட்டு உடம்பு?"

மாமா தரையைப் பார்த்தார்.

அம்மாவின் கையில் துணி அளக்கும் மரக்கோல் இருந்தது. அதை ஓங்கி மாமாவின் தோளில் ஓர் அடி வைத்தாள். மீசை வைத்த, மேனேஜருக்கே மெஷினைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற என் மாமாவை! தீயணைப்புச் சேட்டன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். நான் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "தொற," என்றாள் அம்மா.

மாமா வெளியே போனார். நடைக்கூரையில் ஓடிய தகர டக்டின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருந்தது. எட்டி அதைப் பிடித்துத் திருப்பினார். துருப்பிடித்த சத்தம். முதலில் கிரில்லிலிருந்து தூசி உதிர்ந்தது. அப்புறம் என் ரிப்பன் ஒரு துள்ளு துள்ளி எழுந்து ஆட ஆரம்பித்தது. டக்டில் மிச்சமிருந்த புகை மெல்லிய நூலாக இறங்கி வந்தது, பின்னாலேயே குளிர் வந்தது. அம்மா அதற்கு நேர் கீழே போய் முகத்தை அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அறை முழுக்கச் சாம்பிராணி மணத்தது. வியர்வை காயக் காய அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் சிரித்தாள். இத்தனை மாதமாக நான் பார்க்காத சிரிப்பு.

"எனக்கு ஒரு சீக்கும் இல்ல," என்றாள். மாமாவிடம் இல்லை, என்னிடம் இல்லை, கிரில்லிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அப்புறம் கண்ணைத் திறந்து மாமாவைப் பார்த்தாள். குரல் சாதாரணமாகிவிட்டிருந்தது. "போதும். இனி மூடிக்கோ. உன் வேலை போயிடும். நான் சோறு தின்னற நேரம் மட்டும் தொறந்து வை. மேனேஜர் சாரும் அப்பதான் ஊணுக்குப் போவாரு."

மாமா அதற்குப் பிறகு அந்தக் கடையில் இருந்த காலம் முழுக்க, மத்தியானச் சோற்று நேரத்தில் மேலே வந்து அந்தக் கைப்பிடியைத் திருப்பிவிட்டுப் போவார். லீவு நாளில் நான் போனால், அம்மா ரிப்பனுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடுவாள். பிறகு ரிப்பன் தொங்கிவிடும், அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தைக்கப் போவாள். முன்பு போலவேதான் வியர்த்தது. முன்பு போலவேதான் வேர்க்குரு. ஊர்ச் சூட்டையெல்லாம் கூட்டிப் பெருக்கி அவள் சன்னலுக்கு வெளியேதான் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதை மாமாவே என்னிடம் என்றோ சொல்லியிருந்தார், டவரை நானே என் கண்ணால் பார்த்திருந்தேன். ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

ஆயுத பூஜை அன்று சாயந்தரம் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். என் அம்மா சாகப் போவதில்லை. படகில் வரும்போதே அந்தச் சேதியை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று என் வாய் துடித்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வாசலில் மாமா பொரிப் பையோடு தயங்கி நின்றார். குழாயடி அத்தைக்கும் கேட்கட்டும் என்று நான் இருக்கிற குரலெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"அப்பா! அம்மாவுக்கு ஒரு சீக்கும் இல்ல! மாமாதான் காத்தை அடச்சு வச்சிருந்தாரு!"

எல்லாரும் துள்ளிக் குதிப்பார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன். ஒருவரும் குதிக்கவில்லை. அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார், எழுந்து கையைக் கழுவிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். பக்கத்து வீட்டில் பேச்சுச் சத்தம் நின்றது. அம்மா மட்டும் ஒன்றுமே நடக்காதது போல சோற்றுப் பானை மூடியைத் திறந்து, மாமாவுக்கு ஒரு தட்டு எடுத்து வைத்தாள். மாமா உட்காரவில்லை. என் பாவாடையை விரிக்கச் சொல்லி, எல்லாருக்கும் என்று கொண்டு வந்த பொரியும் கடலையும் முழுவதையும் அதிலேயே கொட்டிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் நடந்து போனார்.

நல்ல சேதி சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று நான் வாசற்படியில் உட்கார்ந்து தின்று தீர்த்தேன். மாமாவுக்குப் பொரி பிடிக்காது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.